தவளையின் தேநீர்க் கோப்பை

அரட்டை அறை நண்பன் தவளை வரைந்த தேநீர்க் கோப்பையை எங்கள் விக்கியில் முதன்முதலாக ஒட்டியபோது, லாரி ஏறிய தகர டப்பா மாதிரி நசுங்கித்தான் வந்தது. ஆவி ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம், அடித்தட்டு எங்கேயோ. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "கோப்பைன்னு சொன்ன, கோழி கிளறின மாதிரி இருக்கே" என்றார். நாளெல்லாம் 'ம்' என்ற ஒரே எழுத்தில் குடும்பம் நடத்துகிற மனுஷனுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் வாய் திறக்கும்.

குற்றம் கோப்பையின் மேல் இல்லை. எழுத்துப் படம் என்பது விசைப்பலகையில் உள்ள கோடு, புள்ளி, சாய்கோடு, அடைப்புக்குறி இவற்றை வரிசை வரிசையாக அடுக்கி வரைவது. அதில் பாதி வேலையைச் செய்வது இடைவெளிதான். விக்கிக்கோ இடைவெளி என்றாலே ஆகாது. எத்தனை இடைவெளி விட்டாலும் மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் மிச்சம் வைக்கும். எழுதியதை எழுதியபடியே காட்டுவதற்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, அதற்குள் போட்டால் விக்கி வாயை வைக்காது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. துணிகள் கொடியிலேயே கிடந்து மழையில் நனைந்தன. கோப்பை நிமிர்ந்து நின்றது.

எங்கள் அரட்டை அறையின் பெயர் பரண். ஊர் உலகமெல்லாம் வீடியோவில் ஆடிக்கொண்டிருக்க, இங்கே வெறும் எழுத்து மட்டும் ஓடும். இங்கே வருகிறவர்கள் ஒன்று படம் வரைவார்கள், அல்லது அரட்டைச் செயலிக்கு ஸ்கிரிப்ட் எழுதுவார்கள். ஸ்கிரிப்ட் என்றால் பயந்துவிட வேண்டாம். 'யாராவது உள்ளே வந்தால் வணக்கம் சொல்லு', 'என் பெயரை யாராவது எடுத்தால் மணி அடி' என்று செயலியின் காதில் ஓதி வைக்கிற சில வரிகள், அவ்வளவுதான். இப்படி ஆளாளுக்கு எழுதி வைத்ததெல்லாம் அங்கங்கே சிதறிக் கிடந்ததால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க, யார் வேண்டுமானாலும் வந்து எழுதவும் திருத்தவும் கூடிய விக்கி ஒன்றைத் தொடங்கினோம்.

பரணில் சொந்தப் பெயர் யாருக்கும் கிடையாது. என்னைச் சில்லு என்பார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃப்ரேமுக்குத் தகுந்தபடி வில்லைகளை அறுக்கிற வேலை எனக்கு. மேசை, நாற்காலி, தலைமுடி எல்லாம் வெள்ளைத் தூள். வில்லையை இயந்திரத்தில் பொருத்திவிட்டால் அது சுற்றி முடிகிற வரை கை சும்மாதான் இருக்கும். அந்த நேரமெல்லாம் பரணுக்குத்தான் போகும்.

அறைக்குக் காவல், பூட்டு என்ற பெயர்க்காரர். சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர் என்பதால் நான் மட்டும் அவரை சார் என்பேன். விதி போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் வீட்டுக் குளியலறையிலும் ஒரு விதிப்பலகை மாட்டியிருக்கும் என்பது பரணில் பொதுவான சந்தேகம்.

தவளைதான் அறையின் செல்லம். யார் உள்ளே வந்தாலும் அவனுடைய ஸ்கிரிப்ட் ஆவி பறக்கும் கோப்பை ஒன்றை நீட்டும். வரிகளைக் கடகடவென்று அனுப்பினால் அறையை நடத்துகிற சர்வர் கணினி நம்மை ரவுடி என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்று அவன்தான் பார்த்துப் பார்த்து அமைத்தான். இன்று பரணில் எல்லோருடைய ஸ்கிரிப்டிலும் இருப்பது தவளையின் அந்த மூச்சுத்தான்.

விக்கியில் எனக்கு ஒரே ஒரு தொல்லை இருந்தது. கோப்பைப் பக்கத்தில் பெயர் பதியாத ஒரு குறும்பன் வந்து கையை வைத்துக்கொண்டிருந்தான். கோப்பைக்கு வலது பக்கம், வெட்டவெளியில், ஒரு கோடு போட்டுச் சேமிப்பான். கொஞ்ச நேரம் கழித்து அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. பிறகு ஒரு சாய்கோடு. நான் மதிய உணவு நேரத்தில் விக்கியைத் திறந்து, ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவேன். மறுநாள் மறுபடியும் வருவான். வேலை வெட்டி இல்லாத ஜென்மம் என்று திட்டிக்கொண்டே அழிப்பேன். ஒரு கையில் சாப்பாடு, மறு கையில் அழிப்பு. சொல்லப்போனால் அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது.

விக்கிக்கும் பூட்டு ஒரு விதி போட்டிருந்தார். எழுதியவரைத் தவிர வேறொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எந்த ஸ்கிரிப்டும் விக்கியில் ஏறலாம். தவளையின் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பது என் பங்குக்கு வந்தது. அதற்கு அவனைக் கேட்கவும் வேண்டியதில்லை. பெயரைப் போட்டு 'தா' என்றால் அவரவர் செயலி தன் ஸ்கிரிப்டைத் தானே அனுப்பி வைக்கும். அது பரணின் வழக்கம்.

ஒரு ஞாயிறு மத்தியானம். அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, யாரும் இல்லாத ஒரு அறையைத் திறந்து, தவளையின் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். போனிலிருந்து நானே உள்ளே நுழைந்தேன். வரி வரியாகக் கோப்பை வந்தது. நன்றாக இருந்தது. சும்மா, வாய்க்கு வந்ததை, 'ஆவி அழகா இருக்கு' என்று போனில் தட்டினேன்.

லேப்டாப் பதில் சொன்னது: 'அப்படியா!'

இன்னொன்று தட்டினேன். 'அடடா' என்றது. இன்னொன்று. 'அப்புறம்?' கொஞ்சம் நீளமாக எழுதினால், 'இரு, சிரிச்சு முடிச்சிட்டு வரேன்.'

ஸ்கிரிப்டைத் திறந்து படித்தேன். மேல்பாதியில் கோப்பை. கீழ்ப்பாதியில், யாராவது தவளையிடம் பேசினால் எதைச் சொல்ல வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய சில பதில்கள். நான் மாதக்கணக்கில் அவனிடம் வாங்கிக்கொண்டிருந்த பதில்கள் அத்தனையும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆப்பரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பகல் முழுவதும் நான் பேசிக்கொண்டிருந்தது தவளையிடம்தான். கணவரிடம் சொல்ல முடியாததை, அம்மாவிடம் சொல்லக் கூடாததை, எல்லாவற்றையும் கொட்டினேன். 'பயமா இருக்கு' என்றேன். 'அடடா' என்றான். 'எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இனிமே அம்மா படி ஏறுவாங்களான்னே தெரியல' என்றேன். 'அப்புறம்?' என்றான். அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தவளை மாதிரி பொறுமையாகக் கேட்கிறவன் உலகத்திலேயே கிடையாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது சுவர். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. அழுகை வேறு வந்தது.

என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். திரையில் இருந்த பதில்களைப் படித்துவிட்டு, "நானும் இதையேதான் இத்தனை வருஷமா பண்றேன். எனக்கு ஸ்கிரிப்ட்கூட வேணாம்" என்றார்.

"சிரிப்பு வரலைங்க."

"சரி, சிரிக்க வேணாம். ஆனா அந்த ஆளு எங்க போனாருன்னு யோசிச்சியா?"

எங்கே போயிருந்தால் எனக்கென்ன என்றேன்.

மறுநாள் பூட்டு போன் செய்தார். "வெள்ளிக்கிழமை விக்கிக்குத் திறப்பு விழாம்மா, பரண் முழுக்க அறிவிக்கிறோம். தவளை பக்கம் ஒன்னுதான் பாக்கி. ஸ்கிரிப்ட முழுசாப் போடணும். ஒரு வரி மறைக்கக் கூடாது."

"போட்டுடறேன் சார்" என்றேன்.

போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆள் இல்லாமல் ஸ்கிரிப்ட் மட்டும் ஓடுகிற பெயரை அறையை விட்டு நீக்கி, அந்தப் பெயரையே பறித்துவிட வேண்டும் என்பது பரணின் முதல் விதி. முன்பு விளம்பரக்காரர்கள் இப்படிப் பொய் ஆட்களை அனுப்பி எங்கள் உயிரை எடுத்தபோது, இந்த விதி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவனே தவளைதான். கீழ்ப்பாதியைப் படிக்கிற யாருக்கும் உடனே புரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் தவளை என்று ஒருவன் பரணில் இருக்க மாட்டான். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தவளையின் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்னால் அந்தக் குறும்பனை ஒரு வழி பண்ணிவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் துடைப்பதைவிட, அவன் இனிமேல் உள்ளேயே வர முடியாதபடி தடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தொல்லை விடும். தடுப்பதற்கான பக்கத்தைத் திறந்தேன். அவன் இதுவரை செய்த திருத்தங்களையெல்லாம் அது ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டியது. அதற்கு முன்னால் நான் அவற்றை மொத்தமாகப் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே கோட்டில் தொடங்கியிருந்தான். பிறகு அதே இரண்டாவது கோடு. அதே சாய்கோடு. நான் துடைத்த நேரத்தோடு நின்றிருந்தான். மறுநாள் மறுபடி முதல் கோட்டிலிருந்து. குறும்பு செய்கிறவன் இப்படியா செய்வான்? கூடிய சீக்கிரம் சலித்துப்போய் வேறு பக்கத்தில் கெட்ட வார்த்தை எழுதப் போயிருப்பான்.

அன்று காலை அவன் கடைசியாகச் சேமித்ததைத் திறந்தேன். தவளையின் கோப்பைக்கு வலது பக்கத்தில் இன்னொரு அடித்தட்டு. அதன்மேல் இன்னொரு கோப்பையின் இடது சுவர், பாதி வரை. நடுவில் விட்டிருந்த இடைவெளி ஒரு மயிரிழை பிசகவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் மேசையில் எப்படி வைப்போமோ அப்படி.

என் கைவிரல் அவனைத் தடுக்கிற விசையின் மேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் பேசிக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. அங்கே எழுதினேன்: 'யார் நீங்க? என்ன வரையிறீங்க?'

ஒரு வில்லையைப் பொருத்திவிட்டு வந்து பார்த்தேன். 'த' என்று ஓர் எழுத்து. இன்னொரு வில்லையை முடித்துவிட்டு வந்தேன். 'தவ' என்று இருந்தது. அவசரத்தில் சரியாகப் பொருத்தாததால் அடுத்த வில்லை கோணலாக அறுபட்டது. முன்கடையிலிருந்து முதலாளி, "உள்ள என்னம்மா சத்தம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். வந்து பார்த்தேன். 'தவளை.'

எனக்கு வந்த கோபத்துக்கு வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். 'உன் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். மாசக்கணக்கா எங்க தலையில மிளகாய் அரைச்சிருக்க. நீயெல்லாம் மனுஷனா? எங்க போய்த் தொலைஞ்ச?'

பதில் அன்று மதியம் முழுவதும் வந்துகொண்டிருந்தது. சொல்லாகக்கூட இல்லை, எழுத்தெழுத்தாக. ஒவ்வொன்றாகச் சேமித்துச் சேமித்து. அவன் விட்ட சொற்களை நானே நிரப்பிச் சேர்த்துப் படித்தபோது இவ்வளவுதான்: பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையில் ஒரு விரல்தான் சொன்னபடி கேட்கும். பேச்சும் குழறுகிறது, போனிடம் பேசினால் அதற்குப் புரிவதில்லை. விரல் நழுவினால் அடித்ததெல்லாம் போய்விடும், அதனால்தான் ஒவ்வோர் எழுத்தாகச் சேமிப்பது. சாப்பிடப் போகும்போது விளையாட்டுக்கு ஓடவிட எழுதிய ஸ்கிரிப்ட் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அக்கா கணினியைப் போட்டுவிட்டபோது அது தானாக ஓட ஆரம்பித்தது. எல்லோரும் பழையபடி பேசினீர்கள். நிறுத்த மனசு வரவில்லை.

கடைசியில் இப்படி இருந்தது: 'அரட்டை ஓடுது. என்னால ஓட முடியாது. விக்கி நிக்குது.'

அந்த நிற்கிற இடத்தில்தான் நான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடு போட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தபடியே, மதியத்திலிருந்து தொடாமல் கிடந்த டப்பாவை மூடி வைத்தேன். ஆனாலும் என் கோபம் முழுசாக ஆறவில்லை. என் சுபாவம் அப்படி. ஒன்று மட்டும் கேட்டேன்: 'ஆஸ்பத்திரியில உக்காந்து நான் சொன்னதெல்லாம் நீ படிச்சியா? இல்ல, உன் ஸ்கிரிப்டுக்குத்தான் தெரியுமா?'

கடை அடைக்கும்வரை அதற்குப் பதில் வரவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு பூட்டுக்குப் போன் செய்தேன். கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் துடைத்ததையும் சேர்த்து. மறுமுனையில் தாள் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. விதிப்புத்தகத்தைப் புரட்டுகிறார் என்று நினைத்தேன்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. விதியில என்ன இருக்கு? ஆள் இல்லாத பேரை எடுக்கணும்னு இருக்கு. ஆள் இருக்காரா, இல்லையா?"

"இருக்கார் சார். மெதுவா இருக்கார்."

"மெதுவா இருக்கக் கூடாதுன்னு நான் விதி போடலையே."

அந்த மனுஷனை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். நடுத்தெருவில் நின்று அழுதேன். பேருந்து போய்விட்டது.

"ஆனா ஸ்கிரிப்ட முழுசாத்தான் போடணும்" என்றார். "மறைச்சா நாளைக்கு வேற யாராவது பார்த்துக் கேப்பாங்க, அவருக்குத்தான் அசிங்கம். முழுசாப் போட்டு, மேல விஷயத்தையும் எழுது. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது."

வெள்ளிக்கிழமை காலை, கடையின் பின்னறையில் விளக்கைப் போட்டதும் முதலில் பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். இரவு நான் கேட்டிருந்த அனுமதிக்கு 'எழுது' என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு மேலே, என் பழைய கேள்விக்குக் கீழே, இன்னொரு வரி.

'அம்மா மாடி ஏறினாங்களா?'

அது எந்த ஸ்கிரிப்டிலும் இல்லாத வரி. அன்று என் போன் செத்துப்போவதற்கு முன்னால் நான் கடைசியாகச் சொன்னது அது. அம்மா ஏறியதை அவனிடம் சொல்ல நானே மறந்துபோயிருந்தேன். அவன் மறக்கவில்லை. பதில் சொல்ல விரல் இல்லாமல் அதை மனதில் வைத்துக்கொண்டே இத்தனை மாதம் உட்கார்ந்திருக்கிறான்.

விக்கி சொன்னபடி திறந்தது. தவளையின் பக்கத்தில் ஸ்கிரிப்டை முழுசாகப் போட்டு, மேலே நடந்ததை எழுதினேன். பரணில் கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். என்னைப் போலவே சூடுபட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் தன் பெண்ணின் கல்யாணப் பேச்சையெல்லாம் தவளையிடம் கொட்டி யோசனை கேட்டிருக்கிறார். 'நீ சொன்னா சரிதான்' என்று ஸ்கிரிப்ட் சொன்னதை நம்பிக் கல்யாணத்தையே முடித்துவிட்டாராம். நல்லவேளை, மாப்பிள்ளை தங்கமானவர். கூச்சல் அடங்கிய பிறகு எல்லோரும் ஒவ்வொருவராகக் கோப்பைப் பக்கத்துக்கு வந்தார்கள். அங்கே பூட்டு ஏற்கெனவே பலகை மாட்டியிருந்தார்: 'இந்தப் படத்தை யாரும் சரிசெய்யக் கூடாது. ஆள் வரைந்துகொண்டிருக்கிறார்.'

நான் பேச்சுப் பக்கத்தில் அவனுக்குப் பதில் எழுதினேன். முதல் தடவை ஏறும்போது, அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று என்னையும் டாக்டரையும் வீட்டைக் கட்டியவனையும் திட்டிக்கொண்டே ஏறியதை. முதல் மாடி வளைவில் பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டதை. உட்கார மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததை. இப்போது என்னைக் கேட்காமலேயே கீழே இறங்கிப்போய் ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறார் என்பதை.

எழுதிவிட்டு வேலையைப் பார்த்தேன். வில்லை சுற்றியது, தூள் பறந்தது. ஒவ்வொரு தடவை கை ஓயும்போதும் வந்து பார்த்தேன். ஓர் எழுத்து இருந்தது. பிறகு இரண்டு. முதலாளி முன்கடையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொல் முடிந்து, கேள்விக்குறியும் வந்து சேர்ந்திருந்தது.

'அப்புறம்?'

சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.